குமரிக்கு நேர் தெற்கே ஒரு பென்குவின் குடியிருப்பு: காப்பர்நிகஸ் பிரவுசர் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அண்டார்டிகாவில் எம்பரர் பென்குவின்கள் குஞ்சு வளர்க்கும் கடல்பனியை நாகர்கோவிலில் உட்கார்ந்தபடி பார்த்துவர, காசில்லாமல் கிடைப்பவற்றில் காப்பர்நிகஸ் பிரவுசர்தான் முதலிடம். பறவையை எண்ணித் தரும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். கூட்டம் பனிமேல் விட்ட எச்சத்தின் கறை, பனியின் விளிம்பு, அந்தப் பனி எந்த வாரம் உடைந்தது ஆகிய மூன்றையும் ஒழுங்காகக் காட்டும். எம்பரர் விஷயத்தில் மூன்றாவதுதான் முக்கியம் என்பதால் எங்கள் மதிப்பெண் தாராளமாகவே இருக்கும்.

சேவை என்ன என்று இரண்டு வரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் சென்டினல் செயற்கைக்கோள் படங்களை, எதையும் இன்ஸ்டால் செய்யாமல், பிரவுசரிலேயே திறந்து பார்க்கலாம். பார்ப்பதற்குக் கணக்கு தேவையில்லை. படத்தைத் தரமாக இறக்கவும், இடங்களைக் குறித்துவைக்கவும், நாள்வாரிப் படங்களை வீடியோவாக ஓட்டவும் மின்னஞ்சல் கொடுத்துப் பதிய வேண்டும், அதுவும் இலவசம். தமிழில் கிடையாது. தேரூர், வேம்பனூர் குளங்களில் பறவைக் கணக்கெடுப்புக்குப் போய்வருகிறவர்களுக்கும், பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் பழகிக்கொள்ள ஒரு வாரம் போதும்.

பறவையை விட்டுப் பனியைப் பார்ப்பது ஏன்

எம்பரர் பென்குவின் கூடு கட்டுவதில்லை. பெரும்பாலான குடியிருப்புகள் கரையோடு ஒட்டி உறைந்து நிற்கும் கடல்பனியின் மேல்தான் இருக்கின்றன. இதை இங்கே ஒட்டுப்பனி என்று சொல்லிக்கொள்வோம். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் நகர்ந்துகொண்டே இருக்கும் மிதவைப்பனி வேறு. ஏப்ரல் வாக்கில் பறவைகள் ஒட்டுப்பனியில் கூடும். மே, ஜூனில் பெட்டை ஒரே ஒரு முட்டை இட்டு, அதைச் சேவலின் கால்மேல் ஏற்றிவிட்டு இரைக்குக் கடலுக்குப் போய்விடும். சேவல் சுமார் 65 நாள் அடைகாக்கும். இணை சேர்வதற்காக வந்து நின்ற நாளையும் சேர்த்தால் மூன்றரை மாதத்துக்கு மேல் பட்டினி. ஆகஸ்டை ஒட்டிக் குஞ்சு வரும். டிசம்பர், ஜனவரியில்தான் அது கடலில் இறங்கும் பருவத்துக்கு வளரும்.

ஆக, ஏப்ரலில் உறைந்த பனி டிசம்பர் பாதி வரையாவது அசையாமல் நிற்க வேண்டும். குஞ்சின் மேலிருக்கும் சாம்பல்நிறப் பஞ்சு குளிரைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. நீர் ஒட்டாத இறகு முளைக்கும் முன்பே பனி உடைந்தால் குஞ்சு கடலில் விழுந்து மூழ்கும், அல்லது நனைந்து உறைந்து சாகும். வேட்டையாடியோ எண்ணெய்க் கசிவோ தேவையில்லை, பனி நான்கு வாரம் முந்தி உடைந்தாலே அந்த வருடக் குஞ்சு மொத்தமும் போய்விடும். வளர்ந்த பறவைகள் பிழைத்துக்கொள்ளும். அதனால் அடுத்த பருவத்தில் போய் எண்ணினால் தலைக்கணக்கு குறையாமல் இருப்பது போலவே தெரியும். நஷ்டம் எண்ணிக்கையில் ஏற வருடங்கள் ஆகும். பனி உடைந்த தேதியோ அதே மாதத்தில் கைக்கு வந்துவிடுகிறது.

2022-ல் நடந்தது இதுதான். பெல்லிங்ஸ்ஹவுசன் கடல் ஓரத்தில் ராத்ஸ்சைல்டு தீவு, வெர்டி இன்லெட், ஸ்மைலி தீவு, பிரையன் கரை, ஃப்ரோக்னர் முனை என்று ஐந்து குடியிருப்புகள். குஞ்சுகள் கடலில் இறங்குமுன் நான்கு இடங்களில் பனி போய்விட்டது. அந்த நான்கிலும் குஞ்சுகள் தப்பியிருக்க வழியில்லை என்பது பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வே ஆய்வாளர்களின் முடிவு. ராத்ஸ்சைல்டு மட்டும் தாக்குப்பிடித்தது. அவர்கள் பார்த்ததும் சென்டினல் படங்களைத்தான். அதே படங்கள் இன்றும் இந்தச் சேவையில் கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் திறந்து சரிபார்க்கலாம்.

ஏன் அமாண்டா விரிகுடா

இந்தச் சேவையைச் சோதிக்க நாங்கள் எடுத்துக்கொண்ட இடம் அமாண்டா விரிகுடா. காரணம் வரைபடத்திலேயே இருக்கிறது. குமரிமுனை கிழக்குத் தீர்க்கரேகை 77.5-ல் நிற்கிறது. முக்கடல் சங்கமத்தில் நின்று நேர் தெற்கே கோடு இழுத்தால், பிரான்சுக்குச் சொந்தமான ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்ற இரண்டு குட்டித் தீவுகளைத் தொட்டுவிட்டு அண்டார்டிகாவின் இங்ரிட் கிறிஸ்டென்சன் கரையில் போய் முட்டும். ஏறக்குறைய 8,600 கிலோமீட்டர். அங்கேதான், 76.83 கிழக்கில், அமாண்டா விரிகுடாவின் எம்பரர் குடியிருப்பு. இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் நிற்கும் லார்ஸ்மான் குன்றுகளும் அதே கரையில், பக்கத்திலேயே. பிள்ளைகளிடம் 'நம்ம ஊருக்கு நேர் கீழே' என்று சொல்லிக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இந்த விரிகுடா அண்டார்டிக் ஒப்பந்தத்தின் கீழ் சிறப்புப் பாதுகாப்புப் பகுதி எண் 169. அனுமதிச்சீட்டு இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. இந்தியர்களுக்கு 2022-ல் வந்த இந்திய அண்டார்டிகா சட்டமும் பொருந்தும். படத்தில் பார்ப்பதற்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை, பறவைக்கும் தொந்தரவு இல்லை.

முதலில் ஊர்க்குளத்தில் பழகுங்கள்

நேரே அண்டார்டிகாவுக்குப் போகாதீர்கள். கண்ணால் பார்த்த இடத்தைப் படத்தில் பார்த்தால்தான் 10 மீட்டர் என்றால் எவ்வளவு என்று பிடிபடும். சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். தேரூர் குளத்தைத் திறந்தால் தாமரை படர்ந்த இடமும் திறந்த தண்ணீரும் தனித்தனியாகத் தெரியும். அதில் நிற்கும் ஒரு நாரையும் தெரியாது. ஆரல்வாய்மொழி காற்றாலைகள் நிழலோடு சின்னக் கோடாகத் தெரியும். மணக்குடி பொழி எந்த மாதம் திறந்திருக்கிறது, எந்த மாதம் மணல் மூடியது என்று ஒரு வருடப் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தால், பனி விளிம்பு உடைவதைப் பார்ப்பதற்கு அதுவே சரியான ஒத்திகை.

புத்தளம் உப்பளத்தைக் கட்டாயம் பாருங்கள். வழக்கமான ட்ரூ கலர் அடுக்கில் உப்புக் குவியல் வெறும் வெள்ளையாக, உள்விவரம் எதுவும் இல்லாமல் பூத்துப்போய்த் தெரியும். பனியிலும் இதே கோளாறுதான் வரும், அதை எப்படிச் சரிசெய்வது என்று கீழே வருகிறது.

பழகுவதற்கு ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டம் இரண்டு பருவமழையும் வாங்குவதால், ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் படத்தைத் திறந்தால் வயல் ஏலாவும் தெரியாது குளமும் தெரியாது, மேகம்தான்.

எச்சக் கறையைத் தேடும் வழி

தேடும் பெட்டியில் -69.26, 76.83 என்று போடுங்கள். முதலில் அட்சரேகை, பிறகு தீர்க்கரேகை. அந்த மைனஸ் குறியை விட்டால் பெட்டி உங்களை சைபீரியாவின் கிடான் தீபகற்பத்துக்கு அனுப்பிவிடும். அங்கேயும் பனிதான் என்பதால் தப்பு உடனே தெரியாது; மாணவர்கள் அரை மணிநேரம் அங்கேயே பென்குவின் தேடுவார்கள்.

தேதி அடுத்தது. திறந்ததும் சேவை அண்மைத் தேதியில் நிற்கும். மே முதல் ஆகஸ்ட் வரை என்றால் ஒன்றும் வராது, அல்லது கருப்பாக வரும். அங்கே அப்போது இருட்டு, இல்லாவிட்டால் சூரியன் அடிவானத்தை ஒட்டியே நிற்கும். சென்டினல்-2 சூரிய ஒளியில் படம் எடுக்கும் செயற்கைக்கோள். நல்ல காலம் செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை. எச்சம் சேர்ந்து கறை பெரிதாகியிருக்கும், சூரியனும் ஏறியிருக்கும். செப்டம்பர் படங்களில் சூரியன் மிகத் தாழ்வாக இருப்பதால் பனிப்பாறைகளின் நிழல் நீளமாக விழும். எம்பரர் கூட்டம் காற்றுக்கு மறைவாகத் தரைதட்டி நிற்கும் பனிப்பாறையின் ஓரத்தில் ஒதுங்கும் பழக்கமுள்ளது. ஆகவே நிழலுக்குள்ளேயே கறை ஒளிந்திருக்கலாம். செப்டம்பரில் காணோம் என்றால் நவம்பரில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

மேக வடிகட்டியை 100 விழுக்காட்டிலேயே விடுங்கள். வெள்ளை மேகத்தையும் வெள்ளைப் பனியையும் பிரிப்பதில் தானியங்கிக் கணக்கு தடுமாறும். 30 என்று வைத்தால் தெளிவான படங்களையும் தூக்கி எறிந்துவிடும். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக் கழிப்பதுதான் வழி. எல்1சி, எல்2ஏ என்று இரண்டு வகைப் படம் வரும். எல்2ஏ என்பது காற்றுமண்டலத்தின் பாதிப்பைக் கணக்குப்போட்டு நீக்கியது. நம் ஊருக்கு அதுதான் நல்லது. சூரியன் தாழ்ந்த துருவப் பகுதியில் அந்தக் கணக்கு நம்பும்படி நிற்பதில்லை, எல்1சி எடுங்கள்.

இனி உப்பளத்தில் பார்த்த கோளாறு. ட்ரூ கலர் அடுக்கு நிலம், காடு, வயல் தெளிவாகத் தெரியும்படி வெளிச்சம் கூட்டப்பட்டது. பனியின் மேல் அது எல்லாவற்றையும் வெளுத்துவிடும், அதோடு வெளிர்பழுப்புக் கறையும் போய்விடும். எஃபெக்ட்ஸ் பகுதியில் கெயின் என்ற வெளிச்ச அளவை 1-லிருந்து 0.5-க்குக் கீழே இறக்குங்கள், அல்லது ஹைலைட் ஆப்டிமைஸ்டு நேச்சுரல் கலர் என்ற அடுக்கை எடுங்கள். கறை இருந்தால் இப்போது தேநீர் சிந்திக் காய்ந்தது போல ஒரு தடம் தெரியும்.

சந்தேகம் இருந்தால் கஸ்டம் பகுதியில் இன்டெக்ஸ் என்பதைத் திறந்து, ஏ இடத்தில் சிவப்புப் பட்டை பி04, பி இடத்தில் நீலப் பட்டை பி02 வைத்து, இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டலால் வகுக்கும் சூத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். சுத்தமான பனி சிவப்பையும் நீலத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பி அனுப்பும், ஆகவே மதிப்பு பூஜ்யத்தை ஒட்டியோ சற்றுக் கீழேயோ நிற்கும். எச்சம் நீலத்தை விழுங்கிச் சிவப்பை விடும். அந்த இடம் பிளஸ் பக்கம் ஏறும். வண்ண எல்லையை -0.1 முதல் 0.2 வரை குறுக்கிப் பாருங்கள், கறை பளிச்சென்று தனியாக நிற்கும். இதுவரை சொன்னவற்றில் எதையாவது ஒன்றைத்தான் கற்றுத்தர நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொடுங்கள்.

கறை போலத் தெரிந்து கறையில்லாதவை

பாறைதான் முதல் எதிரி. லார்ஸ்மான் குன்றுகள் போன்ற வெற்றுப் பாறைப் பகுதியும், அங்கிருந்து காற்று வாரிக்கொண்டு வந்து பனிமேல் போட்ட மண்ணும் இதே சூத்திரத்தில் பிளஸ் ஆகத்தான் வரும். ஒரே வருடத்தின் இரண்டு படத்தையும் முந்தின வருடத்தின் இரண்டு படத்தையும் ஒப்பிடுங்கள். பாறை வருடாவருடம் ஒரே வடிவில் நிற்கும். கூட்டத்தின் கறை பருவத்துக்குள்ளேயே இடம் மாறும், நீளும், புதுப்பனி விழுந்தால் ஒரு வாரம் மறைந்து மறுபடி வரும்.

அடுத்தது கடல்பனியின் அடியில் வளரும் நுண்பாசி. பனித்துண்டு புரண்டால் அதன் பழுப்பு அடிப்பாகம் மேலே வந்து எச்சம் போலவே கண்ணைக் கட்டும். இது பெரும்பாலும் உடைந்த விளிம்பில், துண்டு துண்டாகக் கிடக்கும். ஒட்டுப்பனியின் நடுவே ஒற்றைத் தடமாக வராது. மேகத்தின் ஓரத்தில் சிவப்பு, நீல விளிம்பு தெரிந்தால் அதையும் தள்ளுங்கள். கோள் ஒவ்வொரு நிறப் பட்டையையும் மிகச் சிறிய நேர இடைவெளியில் எடுக்கிறது, அதற்குள் மேகம் நகர்ந்துவிடுகிறது.

அடேலி பென்குவின்களும் அதே கரைப்பகுதியில் இருக்கின்றன. அவை கூழாங்கல் பொறுக்கிப் பாறைமேல் கூடு வைப்பவை. கறை பாறைத் தீவின்மேல் இருந்தால் அடேலி என்று குறியுங்கள், எம்பரர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொரு மயக்கம் அளவில் வரும். இந்தச் சேவையின் வரைபடம் துருவத்தை நோக்கிப் போகப்போக இழுபடும் வகை. தெற்கு 69 பாகையில் நீளம் பூமத்தியரேகையில் இருப்பதைப்போல் சுமார் 2.8 மடங்கு இழுபட்டுத் தெரியும். பரப்பில் கிட்டத்தட்ட 8 மடங்கு. தேரூர் குளத்தை எந்தப் பெரிதாக்கலில் பார்த்தீர்களோ அதே அளவில் அமாண்டாவைப் பார்த்துவிட்டு 'குளத்தைவிடப் பெரிய கறை' என்று எழுதிவிடாதீர்கள். கண் மதிப்பை நம்பாமல் அளவுக்கோல் கருவியால் புள்ளிக்குப் புள்ளி அளந்து மீட்டரில் எழுதுங்கள். வரைபடத்தில் போட்டிருக்கும் கரைக்கோட்டையும் நம்ப வேண்டாம். பனியாற்று நாக்குகள் முன்னேறிக்கொண்டும் உடைந்துகொண்டும் இருப்பவை, கோடு எந்தக் காலத்திலோ வரைந்தது.

பனி உடைந்த தேதியைப் பிடிக்க ரேடார்

இந்தச் சேவை தன் பேரைக் காப்பாற்றிக்கொள்வது இந்த இடத்தில்தான். சும்மா சொல்லக்கூடாது, கொள்ளாம். சென்டினல்-1 ரேடார் கோள், மேகமும் இருட்டும் அதற்குத் தடையில்லை. புயல் மூடிய வாரத்தில்தான் பனி உடையும். அந்த வாரத்தில் ஒளிப்படம் ஒன்றுக்கும் உதவாது.

பலர் இங்கேதான் 'படமே வரவில்லை' என்று மூடிவிட்டுப் போவார்கள். காரணம், நம் பகுதிக்குப் பழகிய ஐடபிள்யூ என்ற படமெடுக்கும் முறையிலும் விவி என்ற அலைமுறையிலுமே தேடுவது. துருவக் கடலுக்கு அகலப் பட்டையான ஈடபிள்யூ முறையையும் எச்எச் அலைமுறையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் ஒரு புள்ளி 40 மீட்டர். எச்சம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

ஆறு அல்லது பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு படத்தை கம்பேர் பகுதியில் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு நடுக்கோட்டை இழுத்துப் பாருங்கள். விரிசல், மேடு, சிக்கி நிற்கும் பனிப்பாறை எல்லாம் இரண்டிலும் அதே இடத்தில் இருந்தால் அது ஒட்டுப்பனி. வடிவங்கள் நகர்ந்திருந்தால் மிதவைப்பனி. இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையே நீங்கள் தேடும் விளிம்பு. கறையின் நடுவிலிருந்து விளிம்பு வரை எத்தனை கிலோமீட்டர் என்று ஒவ்வொரு முறையும் அளந்து எழுதி வாருங்கள். நவம்பரில் அந்த எண் மளமளவென்று இறங்கினால் கவலைப்பட வேண்டியதுதான்.

காற்றில்லாத தண்ணீர் ரேடாரில் கருப்பாகத் தெரியும், அதில் குழப்பமில்லை. பலத்த காற்றில் அலை எழும்பினால் அதே தண்ணீர் வெளுத்து, எச்எச் படத்தில் பனி மாதிரியே இருக்கும். எச்வி என்ற இன்னொரு அலைமுறைப் படத்தையும் சேர்த்துத் திறங்கள், அலையின் வெளுப்பு அதில் அவ்வளவாக ஏறாது. அதுவும் தீரவில்லை என்றால் அடுத்த படம் வரும்வரை பொறுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒற்றைப் படத்தை வைத்து 'உடைந்துவிட்டது' என்று எழுதக்கூடாது.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை கொஞ்சம்தான்: படத்தின் தேதி, கோளின் பெயர், படத்தின் முழு அடையாள எண், கறை உண்டா இல்லையா, அதன் மிக நீளமான பக்கம் எத்தனை மீட்டர், விளிம்பு எவ்வளவு தூரம், பனி அசைந்ததா. நேரம் உலகப்பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டுங்கள். படத்தை இறக்கும்போது தேதி முத்திரையோடு இறக்குங்கள். பிறகு யாரும் கேட்டால் காட்ட வேண்டும். முழுக் கோப்பையும் இறக்காதீர்கள். ஒரு கட்டம் 110 கிலோமீட்டருக்கு 110 கிலோமீட்டர். கோப்பு பல நூறு எம்பி வரும், பள்ளி இணையத்துக்குத் தாங்காது. திரையில் தெரியும் பகுதியை மட்டும் படமாக எடுத்தால் போதும்.

பயிற்சிக்கு ஸ்மைலி தீவை எடுங்கள்: -72.3, -78.8 பக்கம் தேடலாம். இங்கே இரண்டுக்குமே மைனஸ். 2021 நவம்பரையும் 2022 நவம்பர், டிசம்பரையும் அடுத்தடுத்து வைத்தால், எந்த வகுப்பறையிலும் விளக்கவுரை இல்லாமலே புரியும். 2023 பிப்ரவரியில் அண்டார்டிகாவைச் சுற்றிய கடல்பனி சுமார் 17.9 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சுருங்கியது. செயற்கைக்கோள் கணக்கு தொடங்கிய பிறகு அதற்குமுன் அவ்வளவு குறைந்ததில்லை.

எண்ணிக்கை கேட்டால்

கேட்காதீர்கள். ஒரு புள்ளி என்பது 100 சதுர மீட்டர். குளிருக்கு நெருக்கியடித்து நிற்கும்போது ஒரு சதுர மீட்டரில் பத்துப் பறவை வரை நிற்கும். அப்படியானால் ஒரே புள்ளிக்குள் ஆயிரம் பறவையும் அடங்கலாம். வெயில் நாளில் பரவி நிற்கும்போது அதே புள்ளியில் இருபதும் இருக்கலாம். கறையின் பரப்பும் பறவையின் எண்ணிக்கையைச் சொல்லாது. கூட்டம் அடிக்கடி இடம் மாறிய வருடத்தில் கறை பெரிதாக இருக்கும், அவ்வளவே.

எண்ணுகிறவர்கள் அரை மீட்டர் அளவுக்குத் துல்லியமான வணிகப் படங்களை விலைக்கு வாங்கி, பறவை நிற்கும் பரப்பைப் பிரித்தெடுத்து, அடர்த்தியால் பெருக்குகிறார்கள். அப்படித்தான் 2012-ல் 46 குடியிருப்புகளில் சுமார் 2,38,000 ஜோடி என்ற கணக்கு வந்தது. புதிய குடியிருப்பைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் சென்டினல்-2 போதும். 2020-ல் இந்தப் படங்களை வைத்தே 11 இடங்களைச் சேர்த்து மொத்தம் 61 ஆக்கினார்கள். இடையில் கிடைத்ததோடு 2024-ல் இன்னும் நான்கு சேர்ந்து 66 ஆனது.

ஒரு குடியிருப்பில் கறை இல்லை என்றால் பறவைகள் செத்துவிட்டன என்றும் எழுதக்கூடாது. வெட்டெல் கடலோரம் ஹேலி விரிகுடாவில், அப்போது உலகின் இரண்டாவது பெரியதாக இருந்த எம்பரர் குடியிருப்பில், 2016 அக்டோபரில் பனி புயலில் உடைந்து, அதற்கடுத்த இரண்டு வருடமும் குஞ்சு தேறவில்லை. அதே காலத்தில் தெற்கே சுமார் 55 கிலோமீட்டரில் டாசன்-லாம்ப்டன் குடியிருப்பு பல மடங்கு பெருகியது. பறவைகள் இடம்பெயர்ந்திருக்கின்றன. கறை காணோம் என்றால் கரையோரமாக இருபுறமும் நூறு கிலோமீட்டர் தேடிவிட்டு எழுதுங்கள்.

பார்த்து என்ன ஆகப்போகிறது?

நியாயமான கேள்வி. நாகர்கோவிலிலிருந்து யாரும் பனியைப் பிடித்து நிறுத்த முடியாது. அது வெப்பமாதலின் கணக்கு. களத்தில் செய்யக்கூடிய பாதுகாப்பு தொந்தரவைக் குறைப்பதுதான். பறவைக் குடியிருப்புகளை ஒட்டி விமானம் 610 மீட்டருக்குக் கீழே பறக்கக்கூடாது என்பது ஒப்பந்த நாடுகளின் வழிகாட்டுதல். கப்பல் ஒட்டுப்பனியை உடைத்துக்கொண்டு வரும் பாதை, உலங்கூர்தி இறங்கும் இடம் எல்லாம் கூட்டம் இந்த வருடம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் தள்ளிவைக்க முடியும். அதற்கு அந்தந்தப் பருவத்துப் படம் வேண்டும். எம்பரருக்குச் சிறப்புப் பாதுகாப்பு உயிரினம் என்ற தகுதி கொடுக்கும் பேச்சு 2022-ல் பெர்லின் கூட்டத்தில் ஒருமித்த முடிவு எட்டாமல் நின்றது. 2024-ல் அதே ஒப்பந்தத்தின் கூட்டம் நடந்தது நமக்குப் பக்கத்துக் கொச்சியில். நம் மாவட்டத்து ஆசிரியர் ஒருவர் வருடாவருடம் அமாண்டாவின் பனி விளிம்பை அளந்து எழுதிவைத்தால், அது ஆய்வுக்கு மாற்றாகாது. ஆனால் பிள்ளைகளுக்கு, ஒரு சட்டம் எதைக் காக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: கறையைக் கண்டுபிடிப்பதற்கு 10-க்கு 8, மேகம்தான் இரண்டைத் தின்றது. பனி உடைந்த வாரத்தைப் பிடிப்பதற்கு 9. எண்ணிக்கைக்கு 1, அதுவும் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதற்காக. புதியவர் பழகுவதற்கு 6. பட்டன்கள் எங்கே என்று தேடியே முதல் நாள் போகும், பட்டியல்களுக்குள் பட்டியல்.

பறவையின் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்னும் சின்னப் பிள்ளைகளுக்கு பென்குவின் வாட்ச் பொருத்தம். 2014-ல் தொடங்கிய தன்னார்வத் திட்டம். தானியங்கிக் கேமராப் படங்களில் பெரியது, குஞ்சு, முட்டை என்று தொட்டுக் குறிக்க வேண்டும். அதில் வருபவை ஜென்டூ, சின்ஸ்ட்ராப், அடேலி போன்ற தரைக்கூட்டுப் பென்குவின்கள். கடல்பனியில் வளரும் எம்பரரை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

கையில் ஃபோன் மட்டும்தான் என்றால் காப்பர்நிகஸ் பிரவுசரைத் திறக்காதீர்கள். பக்கப்பலகை பாதித் திரையை மறைத்துக்கொள்ளும், அளவுக்கோலைப் பிடித்து இழுக்க விரல் ஒத்துவராது. அதற்குப் பதில் நாசா வேர்ல்ட்வியூ. கணக்கு வேண்டாம், தினமும் படம் உண்டு, அண்டார்டிகாவை மேலிருந்து பார்க்கும் வரைபட அமைப்பும் உண்டு, அதனால் அந்த 2.8 மடங்கு இழுவைத் தொல்லையும் இல்லை. ஒரு புள்ளி 250 மீட்டர் என்பதால் கறை தெரியாது. நவம்பரில் வாரம் ஒருமுறை திறந்து, விரிகுடா வெள்ளையா கருப்பா என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கருத்துவிட்டால் அன்றைக்கே லேப்டாப் இருக்கும் யாரிடமாவது சொல்லி ரேடார் படத்தைத் திறக்கச் சொல்லுங்கள்.